சிஸ்டம் பென்டிரைவை எடுக்க மாட்டேங்குதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

"சிஸ்டம் பென்டிரைவ எடுக்க மாட்டேங்குதுங்ணா" என்று யாராவது போன் செய்தால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "போட்டதும் என்ன ஆகுதுங்க?" லைட் எரிகிறதா, சத்தம் கேட்கிறதா, திரையில் ஏதாவது எழுத்து வருகிறதா, இல்லை ஒன்றுமே ஆகவில்லையா? இதற்குப் பதில் கிடைத்தாலே எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். இதைக் கேட்காமல் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுகிறவர்கள் நம்ம பக்கம் நிறையப் பேர். அது வீண் வேலை. "ஃபார்மேட் பண்ணட்டுமா" என்று சிஸ்டம் கேட்டதும் சரி என்று அமுக்குகிறவர்களும் உண்டு. அது வீண் வேலை அல்ல, ஆபத்து.

கீழே உங்கள் சிஸ்டம் காட்டும் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் இருக்கும், செலவு வைக்கிறது கடைசியில் வரும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

பென்டிரைவை வேறொரு சிஸ்டத்தில் போட்டுப் பாருங்கள். வீட்டில் இரண்டாவது சிஸ்டம் இல்லையென்றால் ஓடிஜி அடாப்டர் (போனில் பென்டிரைவ் மாட்டும் சின்ன இணைப்பு) போட்ட செல்போன் போதும், டிவிக்குப் பின்னால் இருக்கும் யுஎஸ்பி பாயின்ட்டும் ஆகும். என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் முறையில் ஃபார்மேட் செய்ததைப் பல போன்கள் படிக்காது. அதனால் போன் எடுக்கவில்லை என்பதை மட்டும் வைத்துப் பென்டிரைவ் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். "இந்த டிரைவ் சப்போர்ட் ஆகாது" என்று போன் சொன்னால்கூடப் பென்டிரைவுக்கு உயிர் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அடுத்து, அதே போர்ட்டில் வேறு பென்டிரைவோ மவுஸோ போடுங்கள். அது வேலை செய்தால் போர்ட் நல்லது, கோளாறு பென்டிரைவில். அதுவும் வேலை செய்யாவிட்டால் போர்ட்டைப் பாருங்கள். மவுஸ், கீபோர்ட் எல்லாம் ஓடுகிறது, எந்தப் பென்டிரைவைப் போட்டாலும் மட்டும் எடுக்கவில்லை என்றால் விண்டோஸ் பக்கம் சந்தேகப்படலாம். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய லேப்டாப் உங்களிடம் இருந்தால் இன்னொரு வசதி உண்டு. அதில் விண்டோஸோடு, அதைப் போலவே சிஸ்டத்தை ஓட்டும் பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். யாரும் அழிக்காமல் விட்டிருந்தால் லினக்ஸில் போய் அதே பென்டிரைவைப் போடுங்கள். அங்கே எடுத்து விண்டோஸில் எடுக்காவிட்டால் சாமான் எல்லாம் நல்லது, விண்டோஸ்தான் கோளாறு.

## அறிகுறி 1: லைட்டும் இல்லை, சத்தமும் இல்லை

### சில போர்ட்டுகளில் மட்டும் இப்படி என்றால்

முதலில் சிபியுவின் பின்பக்கத்துக்கு மாற்றுங்கள். பின்பக்கப் போர்ட்டுகள் மதர்போர்டிலேயே பற்ற வைத்தவை. முன்பக்கத்தில் இருப்பவை ஒரு ஒயர் வழியாக போர்டுக்குப் போகின்றன, தொந்தரவு பெரும்பாலும் அங்கேதான் வரும். பின்னால் எடுத்து முன்னால் எடுக்கவில்லையா? அப்படியானால் டார்ச் அடித்து முன்பக்கப் போர்ட்டுக்குள் பாருங்கள்.

சோமனூர், பல்லடம், குமாரபாளையம் பக்கம் தறி ஓடும் வீடு என்றால் உள்ளே என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்லலாம்: பஞ்சு. திருப்பூரில் கட்டிங் டேபிள் பக்கத்தில் வைத்த சிஸ்டத்திலும் இதே கதை, பொள்ளாச்சியில் தென்னைநார்த் தூசு. பென்டிரைவைச் சொருகச் சொருக அந்தப் பஞ்சு உள்ளே போய் அடியில் அட்டை மாதிரி இறுகிவிடும். வெளியே பார்த்தால் பென்டிரைவ் முழுசாகப் போன மாதிரிதான் தெரியும், ஆனால் உள்ளே கம்பி கம்பியைத் தொடாது.

சுத்தம் செய்யும் முறை: சிஸ்டத்தை அணைத்து, பவர் ஒயரைப் பிடுங்கி விடுங்கள். பல் குத்தும் மரக்குச்சியால் ஓரங்களில் இருக்கும் பஞ்சைக் கிளப்பி, காய்ந்த சின்ன பிரஷ்ஷால் வெளியே தள்ளுங்கள். உள்ளே நாக்கு மாதிரி ஒரு பிளாஸ்டிக் பட்டை நீட்டிக்கொண்டிருக்கும், அதன் மேல் இருக்கும் பித்தளைக் கம்பிகளை மட்டும் அழுத்த வேண்டாம். ஊக்கு, ஹேர்பின், டெஸ்டர் எதையும் உள்ளே விடக்கூடாது. வாயால் ஊதவும் கூடாது, எச்சில் பட்டால் துரு பிடிக்கும். தறிப்பட்டறையில் கம்ப்ரசர் இருக்கிறதே என்று அந்தக் குழாயைப் பிடிப்பவர்கள் உண்டு. அந்தக் காற்றில் தண்ணீர்த் துளி வரும், வேகமும் அதிகம், அது வேண்டாம். சுத்தம் செய்த பிறகு போர்ட்டை மூடி வைக்க ரப்பர் மூடி கிடைக்கிறது. வாங்கிப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி இதே வேலைதான்.

நாக்குப் பட்டை உடைந்திருந்தாலோ, கம்பி வளைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலோ அந்தப் போர்ட்டை இனிமேல் தொடாதீர்கள். மேலே டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள்.

பஞ்சும் இல்லை, பட்டையும் நன்றாக இருக்கிறது, முன்பக்கம் இரண்டு போர்ட்டுமே வேலை செய்யவில்லை என்றால் உள்ளே ஒயர் கழன்றிருக்கலாம். சிபியுவின் பக்கவாட்டு மூடியைத் திறக்கத் தெரிந்தவர்கள் பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டுத் திறந்து பாருங்கள். முன்பக்கத்திலிருந்து வரும் யுஎஸ்பி ஒயரின் முனை மதர்போர்டில் 9 பின் உள்ள இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரு மூலையில் பின் இருக்காது, ஒயர் முனையிலும் அந்த ஓட்டை அடைத்திருக்கும். இரண்டும் ஒத்துப் போனால்தான் சரியான பக்கம். திருப்பி அமுக்கினால் போர்டு புகைந்துவிடும். நீலப் போர்ட்டுக்கு (யுஎஸ்பி 3.0) வரும் ஒயர் தடிமனானது, முனையில் 19 பின். அது லேசில் வளைந்துவிடும் என்பதால், முதல் முறை செய்பவர்கள் அதைத் தொட வேண்டாம். கடையில் முன்பக்கப் பேனல் ஒயரை மாற்றிக் கொடுப்பார்கள், பெரிய செலவு கிடையாது.

### நீலப் போர்ட்டில் மட்டும் இப்படி என்றால்

விண்டோஸ் 7 வைத்திருக்கிறீர்களா? அதில் யுஎஸ்பி 3.0க்கான டிரைவர் (அந்தப் போர்ட்டை ஓட்டும் சாஃப்ட்வேர்) கூடவே வராது, தனியாகப் போட வேண்டும். போடாவிட்டால் நீல நிற போர்ட் வேலை செய்யாமல் போகலாம். கறுப்புப் போர்ட்டில் போட்டால் எடுக்கிறது என்றால் இதுதான் காரணம். மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து உங்கள் போர்டுக்கான டிரைவரை இறக்கிப் போடுங்கள். விண்டோஸ் 8லும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் இந்தத் தொல்லை இல்லை.

### எந்தப் போர்ட்டிலும் இல்லை என்றால்

சிஸ்டத்தை அணைத்து, பவர் ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் கரன்ட் இறங்கிவிடும். மறுபடி இணைத்துப் பாருங்கள். கேட்கச் சின்ன வேலையாகத் தெரியும், ஆனால் அடிக்கடி பலன் கொடுக்கிறது. அப்புறம் பயாஸுக்குள் (விண்டோஸ் வருமுன் திறக்கும் மதர்போர்டு செட்டிங்) போய் யுஎஸ்பி சம்பந்தப்பட்டவை 'எனேபிள்' என்று இருக்கின்றனவா பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் மதர்போர்டுக் கோளாறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். போர்டை மாற்றுமுன் கடைக்காரரிடம் பிசிஐ எக்ஸ்பிரஸ் யுஎஸ்பி கார்டு (போர்டில் சொருகிப் புது யுஎஸ்பி போர்ட் தரும் அட்டை) போட முடியுமா என்று கேளுங்கள். போர்டு மாற்றும் செலவில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும்.

அலுவலகத்திலிருந்தோ மில்லிலிருந்தோ கொடுத்த சிஸ்டம் என்றால் வேறு கதை. டிசைன், கணக்கு வெளியே போகக்கூடாது என்று பென்டிரைவை மட்டும் அவர்களே அடைத்து வைத்திருப்பார்கள். நோண்ட வேண்டாம், அங்கே சிஸ்டம் பார்க்கிறவரிடம் கேட்டுவிடுங்கள்.

## அறிகுறி 2: பென்டிரைவ் போட்டதும் சிஸ்டமே அணைகிறது, அல்லது "ஓவர் கரன்ட்" என்று எழுத்து வருகிறது

பென்டிரைவை உடனே உருவுங்கள். சில மதர்போர்டுகள் ஆன் ஆகும்போதே "யுஎஸ்பி டிவைஸ் ஓவர் கரன்ட்" என்று காட்டி 15 நொடியில் தானாக அணைந்துவிடும். போர்ட்டுக்குள் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஷார்ட் ஆகிறது, இல்லையென்றால் பென்டிரைவ் உள்ளே ஷார்ட். எந்தப் போர்ட்டில் கம்பி வளைந்திருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முன்பக்கப் போர்ட் என்றால் அந்த ஒயரை போர்டிலிருந்து கழற்றிவிட்டாலே சிஸ்டம் ஓடும். பின்பக்கம் என்றால் கடைதான்.

இதோடு சேர்த்து இன்னொன்று. கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் சுர்ரென்று பிடிக்கிறதா? பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை. கோடையில் செம்மண் காய்ந்து எர்த் குழியும் காய்ந்து போகும். குழிக்குத் தண்ணீர் ஊற்றி, எலக்ட்ரீசியனை வைத்து எர்த் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் அந்தச் சிஸ்டத்தில் எதையும் சொருக வேண்டும். இதைத் தள்ளிப் போடாதீர்கள், போவது பென்டிரைவ் மட்டுமாக இருக்காது.

## அறிகுறி 3: சத்தம் வருகிறது, லைட் எரிகிறது, ஆனால் டிரைவைக் காணோம்

ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறங்கள். விண்டோஸ் 7 என்றால் 'கம்ப்யூட்டர்' ஐகானை ரைட் கிளிக் செய்து 'மேனேஜ்' வழியாகப் போகலாம். கீழ்ப்பாதியில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று வரிசையாக இருக்கும். 0 பெரும்பாலும் உங்கள் சி டிரைவ் இருக்கும் ஹார்ட் டிஸ்க், அதில் கை வைக்கவே கூடாது. ஜிபி அளவைப் பார்த்து எது பென்டிரைவ் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பென்டிரைவ் இருக்கிறது, எழுத்து இல்லை. இ, எஃப் என்று எந்த எழுத்தும் இல்லாமல் நீலப் பட்டையோடு நின்றால் ரைட் கிளிக் செய்து 'சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்' போய் ஒரு எழுத்தைக் கொடுங்கள். உடனே வந்துவிடும். ஆபீஸ் நெட்வொர்க் டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு அந்த எழுத்தும் பென்டிரைவ் எழுத்தும் மோதிக்கொள்ளும். வேறு எதற்கும் கொடுக்காத ஒரு எழுத்தைக் கொடுத்தால் மோதாது.

கறுப்புப் பட்டை, 'அன்அலோகேட்டட்' என்று இருக்கிறது. உள்ளே இருந்த ஃபைல் வேண்டுமென்றால் இங்கேயே நிறுத்தி அறிகுறி 6க்குப் போங்கள். வேண்டாமென்றால் ரைட் கிளிக், 'நியூ சிம்பிள் வால்யூம்'. விண்டோஸோ லினக்ஸோ போடப் பயன்படுத்திய பென்டிரைவ் 16 ஜிபிக்குப் பதில் குட்டியாகத் தெரிவதும் இந்த வகைதான். பென்டிரைவில் உள்ள பங்குகளை (பார்ட்டிஷன்) அழித்துவிட்டு ஒன்றாக்கினால் முழு அளவு வரும்.

'நோ மீடியா' என்று காட்டுகிறது. பென்டிரைவில் சிப் செத்துவிட்டது, அல்லது அதை இயக்கும் கன்ட்ரோலரோடு அதன் தொடர்பு அறுந்துவிட்டது. எந்த சாஃப்ட்வேரும் உதவாது. ஃபைல் முக்கியம் என்றால் டேட்டா ரெக்கவரி, இல்லாவிட்டால் குப்பை.

## அறிகுறி 4: "யுஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு"

மூலையில் இந்த எழுத்து வந்தாலோ, போட்டதும் ஒரே சுரத்தில் மூன்று முறை சத்தம் வந்தாலோ, இணைப்பு பாதியில் நிற்கிறது என்று பொருள். எக்ஸ்டென்ஷன் ஒயர், ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) எதுவும் இல்லாமல் நேராகப் பின்பக்கத்தில் போடுங்கள். அதிலேயே சரியாகிவிட்டால் ஹப்பைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

சரியாகாவிட்டால் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'ஷட்டவுன்' கொடுத்து மறுபடி ஆன் செய்வது ஒன்றல்லவா என்று கேட்பார்கள். விண்டோஸ் 8லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தாலும் சிஸ்டம் பாதி நினைவை வைத்துக்கொண்டுதான் தூங்கும், ரீஸ்டார்ட்டில்தான் முழுசாகக் கழுவி எழும்.

அடுத்தது டிவைஸ் மேனேஜர். ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்தால் அதுவும் அங்கேயே இருக்கும். கடைசியில் 'யுனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ்' என்பதைத் திறந்தால் மஞ்சள் முக்கோணத்தோடு 'அன்நோன் யுஎஸ்பி டிவைஸ்' என்று ஒன்று நிற்கும். டபுள் கிளிக் செய்தால் பெரும்பாலும் கோட் 43 என்றிருக்கும். அதை ரைட் கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து, பென்டிரைவை உருவி, ரீஸ்டார்ட் செய்து மறுபடி போடுங்கள். யுஎஸ்பி கீபோர்ட், மவுஸ் வைத்திருப்பவர்கள் மற்ற வரிகளில் கை வைக்க வேண்டாம். கன்ட்ரோலரையே அழித்துவிட்டால் மவுஸ் நின்றுபோய், மறுபடி கிளிக் செய்யவே வழியில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

வேறு பென்டிரைவ்களும் இதே கோட் 43 காட்டினால் மதர்போர்டின் சிப்செட் டிரைவரைப் புதிதாகப் போடுங்கள். அந்த ஒரு பென்டிரைவ் மட்டும் எல்லாச் சிஸ்டத்திலும் இப்படிக் காட்டினால் அதன் கதை முடிந்தது.

## அறிகுறி 5: வருகிறது, போகிறது, வருகிறது, போகிறது

பென்டிரைவை லேசாக அசைத்துப் பாருங்கள். அசைவுக்கு ஏற்ப வந்து போனால் போர்ட் தொளதொளத்துவிட்டது, வேறு போர்ட்டைப் பயன்படுத்துங்கள்.

அசைக்காமலே போகிறதென்றால் மற்ற யுஎஸ்பி சாமான்களை எல்லாம் கழற்றுங்கள்: பிரின்டர், வெப்கேம், சார்ஜ் ஏறும் செல்போன். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரை கொடுக்கும், நீல 3.0 போர்ட் 900 வரை. பென்டிரைவுக்கு இது தாராளம். ஆனால் தனிப் பவர் அடாப்டர் இல்லாத ஒரே ஹப்பில் நான்கைந்து சாமான் மாட்டினால் எல்லாம் அந்த ஒரு போர்ட்டின் பங்கைத்தான் பிரித்துக்கொள்ளும். வெளி ஹார்ட் டிஸ்க் வந்து வந்து போவதற்கு இதுவே முதல் காரணம்.

அதுவும் இல்லையென்றால் டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு 'யுஎஸ்பி ரூட் ஹப்'பையும் திறந்து, 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்தில் மின்சாரம் மிச்சம் பிடிக்க அணைக்கலாம் என்றிருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். லேப்டாப்பில் பேட்டரியில் ஓடும்போது மட்டும் வரும் கோளாறு இதில் நின்றுவிடும்.

சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் மட்டும் இப்படி ஆகிறது என்றால் எஸ்எம்பிஎஸ் (சிபியுவுக்குள் கரன்ட் கொடுக்கும் பெட்டி) வயசாகியிருக்கலாம். நல்ல எஸ்எம்பிஎஸ் கொஞ்சம் வோல்டேஜ் இறக்கத்தைத் தாங்கிவிடும். கடையில் வேறொன்றைத் தற்காலிகமாக மாட்டிச் சோதித்துப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

## அறிகுறி 6: "ஃபார்மேட் செய்த பிறகுதான் பயன்படுத்த முடியும்"

'கேன்சல்' கொடுங்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

டிரைவ் எழுத்து வருகிறது, திறக்கப் போனால் ஃபார்மேட் கேட்கிறது, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'ரா' என்று காட்டுகிறது. பெரும்பாலும் காப்பி முடியும் முன்பே உருவியதால் வருவது. ஆடிட்டர் ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் டாலி பேக்கப்பை இப்படிப் பறித்துக்கொண்டு ஓடுகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். ஃபைல்கள் உள்ளேயே இருக்கும், எந்த ஃபைல் எங்கே என்ற அட்டவணைதான் கெட்டிருக்கும். ஃபார்மேட் கொடுத்தால் அட்டவணை புதிதாக எழுதப்படும். அதன் மேல் புது ஃபைல் ஏற்றினால் பழையது அழியும்.

1. வேறு சிஸ்டத்தில், முடிந்தால் லினக்ஸ் உள்ளதில், போட்டுப் பாருங்கள். மேக்கிலோ லினக்ஸிலோ ஃபார்மேட் செய்த பென்டிரைவாக இருந்தால் விண்டோஸுக்கு அது புரியாமல்தான் ஃபார்மேட் கேட்கும், அங்கே கோளாறே இல்லை.
2. எங்கேயும் திறக்கவில்லை, ஆனால் அளவு சரியாகக் காட்டுகிறது என்றால் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்ற இலவச சாஃப்ட்வேர்கள் உண்டு. ஃபோட்டோரெக் படம், டாக்குமென்ட் எல்லாவற்றையும் தேடி எடுக்கும், பெயர்கள் மட்டும் போய்விடும். எடுப்பதை ஹார்ட் டிஸ்க்கில் சேமியுங்கள், அதே பென்டிரைவில் ஒரு எழுத்துகூட எழுதக்கூடாது.
3. கல்யாண போட்டோவோ, வேறு எங்கும் காப்பி இல்லாத கணக்கோ என்றால் இரண்டாவது படியைக்கூட நீங்கள் செய்ய வேண்டாம். சிப் சாகப் போகிற நிலையில் இருந்தால் படிக்கப் படிக்க இன்னும் மோசமாகும். டேட்டா ரெக்கவரி செய்கிறவரிடம் நேராகக் கொடுங்கள்.

ஃபைல் எல்லாம் கைக்கு வந்த பிறகு ஃபார்மேட் செய்யலாம். எம்பிராய்டரி மெஷின், பழைய டிவி, கார் ஸ்டீரியோவில் போடுவதற்கு என்றால் ஃபார்மேட் முறைகளில் ஃபேட்32 கொடுங்கள், அவை பல நேரம் வேறெதையும் படிக்காது. ஆனால் அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது. பழைய எம்பிராய்டரி மெஷினுக்குப் பெரிய பென்டிரைவும் ஆகாது, சின்ன அளவு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. வீட்டுச் சிஸ்டத்துக்குள்ளேயே பயன்படுத்த எக்ஸ்ஃபேட் போதும்.

## அறிகுறி 7: ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது

ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென்டிரைவா? வைரஸ்தான். அந்த ஷார்ட்கட்டை டபுள் கிளிக் செய்யாதீர்கள், செய்தால் அது உங்கள் சிஸ்டத்துக்குள் ஏறிவிடும். ஃபைல்கள் அழியவில்லை, ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன. எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' ஆப்ஷன்களில் ஒளித்த ஃபைல்களைக் காட்டு என்பதை டிக் செய்து, 'ஹைட் ப்ரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள். மங்கலான நிறத்தில் உங்கள் ஃபோல்டர்கள் தெரியும், சில நேரம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் கிடக்கும். வேண்டிய போட்டோ, டாக்குமென்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, விண்டோஸ் டிஃபெண்டரால் ஸ்கேன் செய்து, பென்டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள்.

பிறகு ஒரு காலிப் பென்டிரைவைச் சிஸ்டத்தில் போட்டு ஒரு ஃபோல்டர் உருவாக்கிப் பாருங்கள். அதுவும் ஷார்ட்கட் ஆனால் சிஸ்டத்துக்குள்ளும் வைரஸ் இருக்கிறது, முழு ஸ்கேன் ஓட்ட வேண்டும்.

## அறிகுறி 8: எடுக்கிறது, ஆனால் எழுத மாட்டேன் என்கிறது

பக்கவாட்டில் லாக் பட்டன் இருக்கிறதா பாருங்கள், மெமரி கார்டு அடாப்டரில் கட்டாயம் இருக்கும். இல்லாமலே 'ரைட் ப்ரொடெக்டட்' என்று எல்லாச் சிஸ்டத்திலும் வந்தால் பெரும்பாலும் சிப் தன் கடைசிக் காலத்தில் தானாகவே எழுதுவதை நிறுத்திக்கொண்டது. உள்ளே உள்ளதை எடுத்துவிட்டுத் தூக்கிப் போடுங்கள், அதைச் சரிசெய்யும் சாஃப்ட்வேர் தேடி நேரத்தைக் கெடுக்க வேண்டாம்.

சில நூறு ரூபாய்க்கு 1 டிபி பென்டிரைவ் என்று வாங்கியதில் ஃபைல் ஏறுகிறது, திறந்தால் உடைந்திருக்கிறது என்றால் அது போலி. உள்ளே 8 ஜிபியோ 16 ஜிபியோதான் இருக்கும், பொய்க் கணக்குக் காட்டும். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசச் சோதனை சாஃப்ட்வேரை ஓட்டினால் உண்மை அளவு தெரியும். காலிப் பென்டிரைவில்தான் ஓட்ட வேண்டும், நேரமும் எடுக்கும்.

## அறிகுறி 9: பென்டிரைவ் வளைந்துவிட்டது, முனை உடைந்துவிட்டது

சொருகிப் பார்க்காதீர்கள். அமுக்கிப் பிடித்தால் எடுக்கிறதே என்று பிடித்துக்கொண்டே காப்பி செய்வதும், ஃபெவிக்விக் போட்டு ஒட்டுவதும் மிச்சமிருக்கும் தடத்தையும் கிழித்துவிடும். உள்ளே தனிச் சிப்பும் தனிப் போர்டும் உள்ள பழைய வகை என்றால் பற்ற வைத்து எடுத்துவிடலாம், செல்போன் போர்டு வேலை தெரிந்தவர்களே செய்வார்கள். குட்டியாக, ஒரே பிளாஸ்டிக் துண்டாக இருக்கும் வகை என்றால் அதற்கென்று கருவி உள்ள டேட்டா ரெக்கவரி கடைக்குத்தான் போக வேண்டும், கோயம்புத்தூரில் கிடைக்கும். கொடுக்கும்போது பென்டிரைவ் வேண்டாம், ஃபைல்தான் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். எந்தெந்த ஃபோல்டர் முக்கியம் என்று எழுதிக் கொடுங்கள். கிடைக்காவிட்டாலும் காசு உண்டா என்பதை முன்பே கேட்டுவிட்டு, எடுத்ததை ஏற்றித் தர இன்னொரு பென்டிரைவையும் கூடவே கொடுத்துவிட்டு வாருங்கள்.